நாகமான் கொண்டுவந்த வெள்ளி

இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் 27 வசனங்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் 14ஆம் வசனத்தோடு நின்றுவிடும். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமான், தீர்க்கதரிசி எலிசா சொன்னபடி யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகினான், அவன் மாம்சம் சிறுபிள்ளையின் மாம்சம்போல மாறிற்று, அல்லேலூயா. ஆராதனைக்குக் குறிக்கப்பட்ட பாடங்களும் ஏறக்குறைய அப்படித்தான். கத்தோலிக்க வாசக அட்டவணையில் பொதுக்காலத்தின் 28ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டில், 14 முதல் 17 வரை. தவக்காலத்தின் மூன்றாம் வாரத் திங்களன்று 1 முதல் 15 வரை. சீர்திருத்தத் திருச்சபைகள் பல பின்பற்றும் பொது அட்டவணையில் 1 முதல் 14 வரை, இல்லையென்றால் நடுவில் சில வசனங்களை விட்டுவிட்டு 15 வரை. இவை எதிலும் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி வருவதில்லை. (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் வாசிப்பவர்கள் 2 அரசர்கள் நூலில் நாமான் என்று தேடவேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதம் கேட்கிறவர்களுக்கு, இந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்பதே தெரியாமல் போகும். அது பெரிய நஷ்டம். ஏனென்றால் தாழ்மை என்று இந்த அதிகாரம் எதைச் சொல்கிறது என்பது 15ஆம் வசனத்துக்கு அப்புறம்தான் துலங்குகிறது. நாகமானுடைய பெருமை அவன் பதவியில் இருந்ததைவிட, எதற்கும் தன்னால் விலை கொடுத்துவிட முடியும் என்ற எண்ணத்தில்தான் அதிகம் இருந்தது என்று நினைக்கிறேன். யோர்தானில் அவன் படித்த பாடம், விலை கொடுக்காமல் வாங்கிக்கொள்வது. கேயாசியின் பாவம், சும்மா கொடுக்கப்பட்டதற்கு விலை வைத்தது. இந்தக் கண்ணோடு முதல் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், விவரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

5ஆம் வசனத்தில் இருக்கும் பட்டியலில் யாரும் நிற்பதில்லை. பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரங்கள். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல். யாத்திராகமம் 38:25, 26இல் இருக்கும் தொகையைக் கணக்குப் போட்டால் இது கிடைக்கும். யூதேயாவில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். அப்படியானால் தாலந்து சுமார் 34 கிலோ. வெள்ளி 340 கிலோ, பொன் 68 கிலோ, ஆக 400 கிலோவுக்கு மேல். தமஸ்குவிலிருந்து சமாரியாவுக்கு நேர்கோட்டிலேயே 170 கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரம் காவலோடு சுமந்து வந்த பாரம் அது.

அந்தத் தொகை அன்றைக்கு எவ்வளவு என்று வேதமே சொல்கிறது. காணாமற்போன கழுதைகளைத் தேடிப் போன சவுல், ஞானதிருஷ்டிக்காரனிடம் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தயங்குகிறான். அப்போது வேலைக்காரன் தன் கையில் இருக்கிறது என்று சொல்வது கால் சேக்கல் வெள்ளி (1 சாமுவேல் 9:8). நாகமானின் வெள்ளி மட்டும் 30,000 சேக்கல். தீர்க்கதரிசிக்குக் கொண்டுபோகப் போதும் என்று நினைக்கப்பட்ட காணிக்கையைப்போல 1,20,000 மடங்கு. இன்னொன்றும் உண்டு. சமாரியா பட்டணம் நிற்கும் மலையையே உம்ரி ராஜா சேமேரிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்குத்தான் வாங்கினான் (1 இராஜாக்கள் 16:24). அந்த மாதிரி ஐந்து மலைகளின் விலையோடு நாகமான் அதே மலையின் மேல் ஏறி வருகிறான், பொன்னைக் கணக்கில் சேர்க்காமலே. இந்த இரண்டு தாலந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேயாசியிடம் வரும்போது தேவைப்படும்.

இத்தனைக்கும் காரணம் யாரென்றால், பேர்கூட எழுதப்படாத சிறுபெண். சீரியாவின் தண்டுகள் கொள்ளையிடப் போனபோது பிடித்து வந்து, நாகமானின் மனைவிக்குப் பணிவிடை செய்ய விட்டிருக்கிறார்கள். சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் என் ஆண்டவன் போனால் நலமாயிருக்கும், அவர் இவருடைய குஷ்டரோகத்தை நீக்கிவிடுவார் என்று தன் நாச்சியாரிடம் சொல்கிறாள். அவள் பேச்சு அவ்வளவுதான். அதன் கனம் லூக்கா 4:27ஐப் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது தெரியும். எலிசாவின் நாட்களில் இஸ்ரவேலில் அநேகம் குஷ்டரோகிகள் இருந்தார்கள், சீரியனாகிய நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாக்கப்படவில்லை என்று நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு சொல்கிறார். அப்படியென்றால் எலிசா ஒரு குஷ்டரோகியைக் குணமாக்கினதை அந்தப் பெண் கண்டதும் கிடையாது, கேள்விப்பட்டதும் கிடையாது. நடந்த உதாரணம் ஒன்றுமில்லாமல் சொன்னாள். அதிகாரம் முழுவதிலும் விசுவாசம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது இவளுடைய பேச்சுதான் என்பது என் எண்ணம்.

ஞாயிறு பள்ளியில் இவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓர் இடத்தில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். "அடிமையாய் இருந்தாலும் சந்தோஷமாய் ஊழியம் செய்தாள்" என்று இவளை அலங்கரிக்கிற வழக்கம் இருக்கிறது. சந்தோஷமாய் இருந்தாள் என்று வசனம் சொல்லவில்லை. விடுதலையானாள் என்றும் சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் பறித்துக்கொண்டு வரப்பட்ட பிள்ளை அவள். அவளைப் பிடித்த சேனைக்குத் தலைவன் அந்த வீட்டு எஜமான். அவனுக்கு நன்மை நினைத்தாள் என்பது பெரிய காரியம். அவளுக்கு நடந்தது நன்மை என்று ஆக்கிவிடக் கூடாது. இந்த இடத்தை மழுப்பாமல் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

அடுத்து வரும் ராஜாக்களின் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சிறுபெண் தீர்க்கதரிசியிடம் போகச் சொன்னாள். சீரியாவின் ராஜா இஸ்ரவேலின் ராஜாவுக்கு நிருபம் எழுதுகிறான். பெரியவர்களின் வேலை பெரியவர்கள் மூலமாகத்தான் நடக்கும் என்பது அவன் கணக்கு. நிருபத்தில் தீர்க்கதரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசித்த இஸ்ரவேலின் ராஜா, கொல்லவும் உயிர்ப்பிக்கவும் நான் தேவனா என்று வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். தேவன் அல்ல என்று ஒத்துக்கொண்டது சரி. தன் பட்டணத்திலேயே இருக்கும் தேவனுடைய மனுஷன் அவன் நினைவுக்கு வரவில்லை. தூரதேசத்தில் அடிமையாய் இருந்த பிள்ளைக்கு வந்தது.

நாகமான் குதிரைகளோடும் இரதத்தோடும் எலிசாவின் வீட்டு வாசற்படியில் வந்து நிற்கிறான். எலிசா வெளியே வரவில்லை. ஆள் அனுப்புகிறார்: நீ போய், யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு. அப்போது வரும் கோபத்தை 11ஆம் வசனம் அப்படியே பதிவு செய்கிறது. அதில் ஒரு முழு நிகழ்ச்சிநிரலே இருக்கிறது: வெளியே வருவார், நிற்பார், தன் தேவனுடைய நாமத்தைத் தொழுவார், கையால் அந்த இடத்தைத் தடவுவார், நோயை நீக்குவார். ஐந்து படிகள். சுகம் எப்படி நடக்கவேண்டும் என்பதைத் தமஸ்குவிலிருந்து கிளம்பும்போதே எழுதிவைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தீர்க்கதரிசி அந்த ஐந்தில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

எலிசா ஏன் வெளியே வரவில்லை என்று வசனம் காரணம் சொல்லவில்லை. குஷ்டரோகியைத் தொட்டால் தீட்டு என்பதால் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இதே எலிசா முந்தின அதிகாரத்தில் செத்த பிள்ளையின்மேல் வாயோடு வாய், கையோடு கை வைத்துப் படுத்தவர், தீட்டு என்று பார்த்திருந்தால் அதைச் செய்திருக்க முடியாது. பின்னால் வெள்ளியை மறுப்பதோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் வெளியே வந்து கையை அசைத்திருந்தால் அதற்கு 340 கிலோ வெள்ளி ஈடாகப் போயிருக்கும். செய்த வேலைக்குக் கூலி. அவர் செய்ததாக ஒன்றுமே இல்லாதபோது எதற்குக் கூலி கொடுப்பது?

நதிகளைப் பற்றி நாகமான் சொன்னது உளறல் அல்ல. ஆப்னா என்பது இன்றைய பரதா. தமஸ்குவுக்கு மேற்கே இருக்கும் மலைத்தொடரில் பிறந்து, பாலைவன ஓரத்தில் ஒரு பெரிய பட்டணத்தையும் அதன் தோட்டங்களையும் வாழவைத்த ஆறு. பர்பார் என்பது தமஸ்குவுக்குத் தெற்கே ஓடும் அவாஜ் என்பது பெரும்பாலோர் கருத்து. அது எர்மோன் மலைப்பக்கத்துத் தண்ணீர். யோர்தானோ பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து ஓடி, வண்டலைச் சுமந்து கலங்கிப் போகிற ஆறு. தண்ணீரின் தரத்தில் அவன் சொன்னதுதான் சரி. அதனால்தான் யோர்தான் தண்ணீரில் ஏதோ மருத்துவ குணம் இருந்தது என்ற விளக்கம் எடுபடாது. அந்தத் தண்ணீரைக் குப்பியில் அடைத்து வைத்திருப்பதாலும் ஒன்றும் வந்துவிடாது. தண்ணீர்தான் குணமாக்கும் என்றால் அவன் ஊரிலேயே முழுகியிருக்கலாம்.

தூரத்தையும் கவனியுங்கள். சமாரியா கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் முழுகினான் என்று சொல்லப்படவில்லை. நேர் கிழக்கே போயிருந்தால் யோர்தான் கிட்டத்தட்ட 35, 40 கிலோமீட்டர். அந்த இடம் கடல்மட்டத்துக்குக் கீழே 300 மீட்டருக்கும் மேல். அதாவது 700 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும், அதுவும் ஒரு நாள் பயணமாக. கோபம் ஆறாமல் அத்தனை தூரம் போவது கஷ்டம். 14ஆம் வசனத்தில் அவன் "இறங்கி" என்று இருக்கிறது, அது உண்மையிலேயே நெடிய இறக்கம்.

அவனை இறங்க வைத்தவர்கள் அவனுடைய ஊழியக்காரர். 13ஆம் வசனத்தில் அவர்கள் பேசுவதைப் போல ஒரு நல்ல புத்திமதி வேதத்தில் அதிகம் இல்லை. தகப்பனே என்று தொடங்குகிறார்கள். படைத்தலைவனை வேலைக்காரர் அப்படி அழைக்கும்போதே கோபத்தின் முனை மழுங்கிவிடுகிறது. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நதிகளைப் பற்றி வாதாடவில்லை. தீர்க்கதரிசிக்காக வக்காலத்து வாங்கவும் இல்லை. பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா, ஸ்நானம்பண்ணச் சொன்னால் மட்டும் என்ன என்று கேட்கிறார்கள். அவன் மனதில் இருந்த கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். பெரிய காரியம் என்றால் அதுவும் ஒரு விலை. அதைக் கொடுக்க அவன் தயார். நாற்பது நாள் உபவாசம், தூர யாத்திரை, ஆயிரம் பலி, எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பான். குளித்துவிட்டுப் போ என்றால் அவன் தன் பக்கத்திலிருந்து கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவனைச் சுட்டது அதுதான்.

தண்ணீரில் இறங்கும்போது அவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது? வசனம் அளந்து சொல்லவில்லை. கோபித்துத் திரும்பினவன், வேலைக்காரர் சொன்னதற்காக இறங்குகிறான். நிச்சயமாய்ச் சுகமாவேன் என்று அறிக்கை செய்ததாக எழுதப்படவில்லை. "தேவனுடைய மனுஷன் வார்த்தையின்படியே" முழுகினான், அவ்வளவே. சந்தேகம் இருக்கும்போதே கீழ்ப்படிய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. முதலில் மனதில் சந்தேகமே இல்லாத நிலையை வரவழைத்துக்கொண்டு அப்புறம் இறங்கு என்று நோயாளிகளிடம் சொல்கிறவர்கள் இந்த வசனத்தை மறுபடியும் வாசிக்கவேண்டும்.

"ஆறாவது முறை முழுகியும் ஒரு மாற்றமும் இல்லை, ஏழாவதில் நடந்தது" என்று கண்ணில் கண்டதுபோல விவரிக்கிற பிரசங்கங்கள் நிறைய. நல்ல கற்பனை. ஆனால் வசனத்தில் இல்லை. ஏழுதரம் முழுகினபோது சுத்தமானான் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதா, கடைசியில் ஒரேயடியாக மாறியதா, தெரியாது. ஏழு என்ற எண்ணுக்கு லேவியராகமம் 14ஐத் திறப்பது பயனுள்ளது. குஷ்டம் நீங்கினவன்மேல் ஆசாரியன் ஏழுதரம் தெளிப்பான். இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்புநூல், ஈசோப்பு, ஊற்றுநீர் எல்லாம் வேண்டும். எட்டாம் நாளில் இரண்டு ஆட்டுக்குட்டிகள், ஒரு வயதுப் பெண்ணாட்டுக்குட்டி ஒன்று, பத்தில் மூன்று பங்கு மெல்லிய மா, ஒரு ஆழாக்கு எண்ணெய். ஏழைக்கு அது ஓர் ஆட்டுக்குட்டியும் பத்தில் ஒரு பங்கு மாவும் இரண்டு புறாக்களுமாகக் குறையும், ஒன்றுமே வேண்டாம் என்று ஆகாது. சீரியனாகிய நாகமானிடம் ஆசாரியனும் கேட்கப்படவில்லை, ஆடும் கேட்கப்படவில்லை.

இனிமேல் வருவதுதான் பிரசங்கங்கள் தொடாத பகுதி.

சுகமானவன் யோர்தானிலிருந்து அப்படியே வடக்கே ஊருக்குப் போயிருக்கலாம். அவன் திரும்பி, அந்த ஏற்றம் முழுவதையும் ஏறி, தன் கூட்டத்தோடு எலிசாவுக்கு முன்பாக வந்து நிற்கிறான். முதல் முறை வந்தபோது வாசலில் நின்றவன், தீர்க்கதரிசி வெளியே வரவேண்டும் என்று எதிர்பார்த்தவன். இப்போது முகமுகமாய். பேச்சும் மாறிவிட்டது. 15 முதல் 18 வரை மூல பாஷையில் ஐந்து முறை தன்னை "உமது அடியேன்" என்கிறான். அதற்கு முன்னால் அவன் வாயில் ஒரு தடவைகூட வராத பேச்சு அது. காணிக்கை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான். எலிசா, நான் நிற்கிற சந்நிதியின் கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு, வாங்கமாட்டேன் என்கிறார். வற்புறுத்தியும் மாட்டேன் என்றுவிட்டார்.

எலிசா யாரிடமும் எதுவும் வாங்காதவர் என்று நினைத்தால் இந்த மறுப்பு புரியாது. அவர் வாங்கியிருக்கிறார். சூனேமியாள் மேல்வீட்டு அறை ஒன்றைக் கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தாள், அங்கே தங்கினார் (4:10). பாகால்சலீஷாவிலிருந்து ஒரு மனுஷன் வாற்கோதுமை அப்பங்கள் இருபது கொண்டுவந்தான், அதை நூறு பேருக்குப் பரிமாறச் சொன்னார் (4:42, 43). தேவை இல்லாமலும் இல்லை. அந்த நாட்களில் பஞ்சம். தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது எலிசாவோடு இருந்த சீஷர், வயல்வெளியில் பறித்த காட்டுக்காயைக் கூழில் போட்டு, பானையில் சாவு என்று அலறினார்கள் (4:40). அடுத்த அதிகாரத்தில் அவர்களில் ஒருவன் தண்ணீரில் தவறவிட்ட கோடரிகூட இரவல் வாங்கினது (6:5). பத்துத் தாலந்து வெள்ளி அந்த வீட்டுக்கு என்னவெல்லாம் செய்திருக்கும்! அப்படியும் மறுத்தார். சூனேமியாள் கொடுத்தபோது பதிலுக்கு ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை. நாகமான் கொடுத்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று போயிருப்பான். இஸ்ரவேலின் தேவனைப் பற்றித் தமஸ்குவில் அவன் சொல்லும் முதல் செய்தி, அவருடைய தீர்க்கதரிசிக்கு இவ்வளவு கொடுத்தேன் என்பதாக இருந்திருக்கும்.

கொடுக்க முடியாமல் போனவன் இப்போது கேட்கிறான்: இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க மண். பலிபீடத்துக்கு என்று நினைக்க இடமிருக்கிறது; மண்ணினாலே பலிபீடம் உண்டாக்கச் சொல்லும் கட்டளை யாத்திராகமம் 20:24இல் இருக்கிறது. 400 கிலோ வெள்ளியும் பொன்னும் கொடுக்க வந்தவன், யார் காலிலும் மிதிபடும் மண்ணைத் தயவுசெய்து தாருங்கள் என்று கையேந்துகிறான்.

அடுத்த வேண்டுதல் பலருக்கு இடறல். தன் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது அவன் கைமேல் சாய்ந்துகொள்வான், நானும் பணியவேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். ரிம்மோன் சீரியரின் புயல் தெய்வம், அந்த ராஜகுடும்பத்தின் பெயர்களிலேயே கலந்திருந்தது. பெனாதாத் என்னும் ராஜாவின் தகப்பன் பெயர் தப்ரிமோன் (1 இராஜாக்கள் 15:18). அந்த அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டு கோவிலுக்கு வரமாட்டேன் என்று சொல்வது லேசான காரியம் அல்ல. எலிசாவின் பதில்: சமாதானத்தோடே போ. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இதை வைத்து விக்கிரக ஆராதனைக்கு அனுமதி உண்டு என்று நிறுவப் பார்ப்பது தவறு. தானியேலின் நண்பர்கள் சிலையைப் பணிய மறுத்துச் சூளைக்குப் போனது இதே வேதத்தில்தான். நேற்றுவரை கர்த்தரை அறியாதவன், கேட்கப்படாமலே தன் சிக்கலை மறைக்காமல் கொண்டுவந்து வைக்கிறான். முதல் நாளிலேயே அவன்மேல் முழுச் சுமையையும் ஏற்றாமல் அனுப்பிவைக்கிறார் எலிசா. புதிதாய் விசுவாசத்துக்கு வருகிறவர்களை நடத்துகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களில் நிறைய நேரம் செலவிடலாம்.

கேயாசிக்கு வருவோம். 16ஆம் வசனத்தில் எலிசா கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு வாங்கமாட்டேன் என்றார். 20ஆம் வசனத்தில் அதே ஆணையைச் சொல்லி, நான் பின்னே ஓடி ஏதாகிலும் வாங்குவேன் என்கிறான் கேயாசி. தேவபக்தியின் பாஷை துளியும் மாறவில்லை. நாலு வசனத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டது. "அந்தச் சீரியன்" என்று அவன் சொல்வதையும் கவனிக்கவேண்டும். சத்துருவிடம் வாங்கினால் என்ன என்கிற எண்ணம் அதில் இருக்கிறது.

ஓடி வருகிறவனைக் கண்டு நாகமான் இரதத்திலிருந்து இறங்குகிறான். தீர்க்கதரிசியே தன்னிடம் வெளியே வரவேண்டும் என்று கோபித்தவன், தீர்க்கதரிசியின் வேலைக்காரனுக்காக இறங்குகிறான். அவன் மாறிவிட்டதற்கு அதிகாரம் தரும் கடைசிச் சான்று இது. இதே நிமிடத்தில் கேயாசியின் வாயிலிருந்து கதை வருகிறது: எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்று என் எஜமான் அனுப்பினார். பொய் எவ்வளவு சாமர்த்தியமானது பாருங்கள். தனக்கென்று கேட்கவில்லை. ஏழை ஊழியருக்காக. தொகையும் அளவாக, கொண்டுவந்ததில் பத்தில் ஒன்று. நாகமான் இரண்டு தாலந்தாக வாங்கிக்கொள் என்று வற்புறுத்தி, இரண்டு பைகளில் கட்டி, இரண்டு வேலைக்காரர்மேல் ஏற்றுகிறான். ஒரு பை 34 கிலோ, ஓர் ஆள் சுமை. இரண்டு தாலந்து, உம்ரி சமாரியா மலையை வாங்கின அதே விலை.

கேயாசி திரும்பி வந்து, உமது அடியான் எங்கும் போகவில்லை என்கிறான். நாகமானின் வாயில் உண்மையாக வந்த சொல் இவன் வாயில் பொய்க்கு முகவுரை ஆகிறது. எலிசாவின் பதிலில் ஒரு பட்டியல் இருக்கிறது: பணம், வஸ்திரம், ஒலிவத்தோப்பு, திராட்சத்தோட்டம், ஆடுமாடு, வேலைக்காரர், வேலைக்காரி. கேயாசி கேட்டது முதல் இரண்டுதான். மற்றதெல்லாம் அந்த வெள்ளியைக் கொண்டு அவன் மனதுக்குள் வாங்கிக்கொண்டிருந்தது. பட்டியலின் கடைசிச் சொல் வேலைக்காரி. அதிகாரத்தின் தொடக்கத்தில் இந்த நன்மைக்கெல்லாம் வாயைத் திறந்தவள் ஒரு வேலைக்காரி. அவளைப்போல ஒருத்தியை விலைக்கு வாங்கும் நிலைக்கு ஏற கேயாசி ஆசைப்பட்டான்.

நாகமானின் குஷ்டம் கேயாசியையும் அவன் சந்ததியையும் பிடிக்கும் என்ற 27ஆம் வசனம் கடினமானது. அதை மென்மையாக்க எனக்கு வழி தெரியாது. ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லவேண்டும்: சரும நோய் உள்ளவர்கள்மேல், அவர்கள் பிள்ளைகள்மேல், இதைப் பொருத்திப் பேசக்கூடாது. வேதத்தின் குஷ்டம் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும் (லேவியராகமம் 13:47, 14:34). இன்றைய தொழுநோயும் அதுவும் ஒன்று என்று சொல்வதற்கில்லை. தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். கூட்டு மருந்தை நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். அது சாபமும் அல்ல, பரம்பரை நோயும் அல்ல. இந்த அதிகாரத்தைப் பேசும் பிரசங்க மேடையிலிருந்தே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

வேதபாடக் குழுவில் நடத்துவதாக இருந்தால் 27 வசனங்களையும் ஒரே மூச்சில் சத்தமாய் வாசியுங்கள், ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். கதைசொல்லி, நாகமான், எலிசா, கேயாசி, சிறுபெண், ஊழியக்காரர் என்று ஆளுக்கொரு பங்கு கொடுத்தால் இன்னும் நல்லது. பிரிப்பதானால் 7, 14, 19ஆம் வசனங்களின் முடிவில் நிறுத்தலாம். "உங்களுக்குள் என்ன பெருமை இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது பழகிப்போன பதில்களைச் சொல்வார்கள். யார் யாருக்கு என்ன கொடுக்கப் பார்த்தார்கள், யார் வாங்கினார்கள், யார் மறுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பேச்சு தானாக வரும்.

நோயாளிக்காக ஜெபிக்கப் போகிறவர்கள் இதோடு 13ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தையும் வாசித்துவிட்டுப் போகவேண்டும். எலிசா மரணத்துக்கு ஏதுவான வியாதியாய்க் கிடந்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. நாகமானை யோர்தானுக்கு அனுப்பினவர் வியாதியில் செத்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று வேதத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் படுக்கையில் இருப்பவரிடம், விசுவாசம் இருந்தால் எழும்புவீர்கள் என்று சொல்லாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். ஏழு நாள் ஜெபம், ஏழு முறை எண்ணெய் என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரிய காரியத்தை உண்டாக்கிக் கொடுக்காதீர்கள். அது நாகமான் விரும்பிய மருந்து, எலிசா கொடுத்ததல்ல.

ஜெபம் முடிந்து எழும்பும்போது கையில் கவரைத் திணிப்பார்கள். நன்றியாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் நோயுள்ள வீட்டில், ஜெபம் முடிந்த கையோடு வாங்கினால், ஜெபத்துக்கும் அந்தத் தொகைக்கும் அவர்கள் மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிடும். சுகமாகாவிட்டால், இன்னும் அதிகம் கொடுத்திருக்கவேண்டுமோ என்று குமைவார்கள். அந்த இடத்தில் வாங்காதீர்கள். வற்புறுத்தினால் இரண்டாம் முறையும் மறுங்கள். எலிசாவும் இரண்டு முறை மறுக்கவேண்டியிருந்தது. சபைக்குத்தான், ஏழைகளுக்குத்தான் என்று அவர்களே சொன்னாலும் அன்றைக்கு வேண்டாம். கேயாசி சொன்ன காரணமும் அதுதான். கூடப் போகிறவர்களுக்கும் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்கள் படி இறங்கின பிறகு பின்னால் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளாதபடி.